கொன்றாலும் சாகாத ப்ராசஸ்
புனேக்கு வந்த புதிது, 2005. ராத்திரியில் ஃபைல் சர்வர் படுத்துவிட்டது. கன்ட்ரோல்-சி, கில் மைனஸ் 9... என் ப்ராசஸ் அசையவே இல்லை. ஊருக்குப் போக பஸ் டிக்கெட் வேறு பையில்!

அது பழைய கதை மக்களே. 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ் கொண்டுவந்தது. தூரத்து டிஸ்கும் உள்ளூர் டிஸ்க் மாதிரியே தெரியவேண்டும் என்று ஆசை. உள்ளூர் டிஸ்க் சட்டென்று பதில் சொல்லிவிடும். அதனால் அந்த நேரத்தில் யுனிக்ஸ் சிக்னலைக் காதில் வாங்காது. தூரத்து சர்வர் செத்துவிட்டால்?

'ஹார்ட்' மவுன்ட் காத்தே கிடக்கும். 'சாஃப்ட்' பாதியில் கைவிடும், டேட்டா அம்போ. சிக்னல் வந்தால் விட்டுவிட 'இன்ட்ர்' இருந்தது. ஆனால் பாதி எழுதும்போது தடைபடும் என்று பல ப்ரோக்ராம்கள் எதிர்பார்த்ததே இல்லை.

2008ல் லினக்ஸ் 2.6.25. மாத்யூ வில்காக்ஸின் 'டாஸ்க் கில்லபிள்' வந்தது: சாகப்போகிறவனை மட்டும் எழுப்பு. செத்தவன் பாதி எழுத்தைப் பார்த்துக் குழம்பமாட்டானே! அதிலிருந்து 'இன்ட்ர்' போட்டாலும் லினக்ஸ் கண்டுகொள்வதில்லை.