யார் வரைந்தார்? யாரை வரைந்தார்? - புள்ளிப் பொம்மைகளின் வரலாறு



கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, ஆசிரியர் பயிற்சிக் காலத்துக் குறுந்தட்டு ஒன்று கைக்குக் கிடைத்தது. அதன் மேல் ‘பொம்மைகள் 2004’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. பழைய கணினியில் இட்டுத் திறந்தேன். கட்டைவிரல் உயரமே உள்ள 37 பெண்ணுருவங்கள் திரையில் தோன்றின. ஒருத்தி மழையங்கி அணிந்திருந்தாள். ஒருத்தி பாஜு கூரோங். இன்னொருத்தி பச்சைக் கரையிட்ட மஞ்சள் சேலை. அனைத்தும் விடுதி அறையில், இரவு நேரங்களில், ஒவ்வொரு புள்ளியாக வைத்து நான் உருவாக்கியவை.

பள்ளி திறந்ததும் அவற்றைக் கலைக்கல்வி நேரத்தில் மாணவர்களிடம் காட்டினேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு கேள்விகள் கேட்டாள். முதலாவது: “இந்த மாதிரி வரையறத யாரு டீச்சர் கண்டுபிடிச்சாங்க?” இரண்டாவது: “இதுல யாருமே ஏன் டீச்சர் நம்ம கலர்ல இல்ல?”

முதல் கேள்விக்கு ஒரே ஒரு பெயரை என்னால் விடையாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தும் உடனே சொல்ல நா எழவில்லை. இவ்விரண்டுக்கும் பொறுமையாக விடை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டங்களில் பிறந்த கலை

கணினித் திரையில் காணும் படம் எதுவாயினும் அது நுண்ணிய புள்ளிகளின் தொகுப்பே. அப்புள்ளியைப் பிக்சல் என்கிறோம். தமிழில் படப்புள்ளி என்றும் வழங்குகிறோம். புகைப்படத்தில் இப்புள்ளிகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புள்ளி ஓவியத்திலோ ஒவ்வொரு புள்ளியும் வரைபவரால் எண்ணி வைக்கப்படுகிறது. அவ்வாறு வரையப்படும் சிறு மனித உருவமே புள்ளிப் பொம்மை.

கட்டத்துக்கு ஒரு நிறம் என்னும் இம்முறை கணினியோடு தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில், கட்டமிட்ட தாளில் கையால் வண்ணம் தீட்டிய தையல் மாதிரிகள் அச்சிட்டு விற்கப்பட்டன. தாளில் ஒரு கட்டம் என்பது துணியில் ஒரு தையல். இத்தகைய ஐரோப்பியத் தையல் மாதிரிகள் நம் நாட்டையும் எட்டின. மலாக்கா, பினாங்குப் பெரானாக்கான் பெண்கள் ‘காசுட் மானேக்’ எனப்படும் மணிக் காலணிகளுக்கு அவற்றைப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மணியாகக் கோத்துத் தைத்தனர். என் தாயாரும் குறுக்குத் தையலில் தலையணை உறை தைத்தவர். கணினியில் நான் செய்வதைப் பார்த்து, “இது என் தையல்தானே, நூல்தான் இல்ல” என்றார். அவர் சொன்னது வரலாற்று முறைப்படியும் சரியே.

கணினிக்குள் முதலில் நுழைந்த புகைப்படம் ஒரு குழந்தையின் முகம். 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரசல் கிர்ஷ் என்பவர், தம் மூன்று மாதக் கைக்குழந்தையின் படத்தை வருடி மூலம் கணினிக்குள் ஏற்றினார். அது 176 × 176, அதாவது 30,976 புள்ளிகளால் ஆனது. புள்ளிகளைச் சதுரமாக அமைத்தது தவறாகிவிட்டதே என்று கிர்ஷ் தம் முதுமையில் வருந்தினார். ஆனால், அச்சதுரம்தான் பின்னாளில் எம்போன்றோருக்குத் தூரிகையாயிற்று!

அடுத்து நினைவுகூர வேண்டியவர் சூசன் கேர் அம்மையார். ஓவியத் துறையில் பயின்ற இவர், 1984 ஜனவரியில் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டோஷ் கணினிக்குச் சின்னங்களை வடிவமைத்தார். முதலில் அவர் பயன்படுத்தியது கணினியையன்று. கட்டமிட்ட ஒரு சிறு நோட்டை. ஒரு சின்னத்துக்கு 32 × 32, அதாவது 1,024 கட்டங்கள். கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறமில்லை. அவ்வளவு நெருக்கடிக்குள் புன்னகைக்கும் கணினி முகத்தையும் குப்பைத்தொட்டியையும் கைக்கடிகாரத்தையும் அவர் கொண்டுவந்துவிட்டார். அவருடைய கட்டத்தாள் ஓவியங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துள்ளது. தையலும் பளிங்குச் சில்லு ஓவியமும் முன்பே பழகியிருந்ததால் இப்பணி தமக்குப் புதிதாகத் தெரியவில்லை என்று அவரே கூறியிருக்கிறார்.

மாணவர்கள் அனைவரும் அறிந்த மாரியோவையும் இங்கே குறிப்பிடலாம். 1981இல் வெளிவந்த ‘டாங்கி காங்’ விளையாட்டுக்கு அவனை உருவாக்கிய சிகெரு மியாமோட்டோ, அவனுக்குத் தொப்பி வைத்தது தலைமுடி வரைய இடமில்லாமையால். மீசை வைத்தது மூக்கும் வாயும் தெளிவாகத் தெரியாமையால். இடம் குறையும்போது எதை விட்டாலும் உருவம் நிற்கும் என்று அறிவதே இக்கலையின் முதற்பாடம்.

காகிதத்திலிருந்து திரைக்கு

இதுவரை கூறியவை புள்ளியின் கதை. பொம்மையின் கதை வேறோர் ஊற்றிலிருந்து வருகிறது.

1810இல் இலண்டனில் எஸ். அண்டு ஜே. புல்லர் நிறுவனம் ‘சின்ன ஃபேனியின் வரலாறு’ என்ற சிறுவர் நூலை வெளியிட்டது. அதனுடன் காகித உருவங்களும் தனியே ஒரு தலையும் வந்தன. கதையில் ஃபேனியின் நிலை மாற மாற, அத்தலையை அடுத்தடுத்த உடையில் செருகிக்கொள்ள வேண்டும். உடை மாற்றும் காகிதப் பொம்மைகளின் வரலாற்றில் இது தொடக்கக் காலப் படைப்பு. பிற்காலத்தில் மகளிர் இதழ்களிலேயே வெட்டி எடுக்கும் பொம்மைகள் அச்சாயின.

ஜப்பானிய மொழியில் உடைமாற்றும் பொம்மைக்குக் ‘கிசெகாயே நிங்கியோ’ என்று பெயர். 1991இல் அந்நாட்டு ஆர்வலர் ஒருவர் அதனைக் கணினிக்கு மாற்றி, அப்பெயரையொட்டிக் ‘கிஸ்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். பொம்மையும் சட்டையும் காலணியும் தனித்தனிப் படங்கள். சுட்டியால் இழுத்து உடுத்த வேண்டியதுதான். பொம்மைகளை விற்பனை நிறுவனம் தயாரிக்கவில்லை. ஆர்வலர்களே வரைந்து இலவசமாகப் பகிர்ந்தனர்.

1995இல் அமெரிக்காவில் ‘தி பேலஸ்’ என்ற படவுரையாடல் மென்பொருள் வந்தது. பேசுகிறவர் தம்மைக் குறிக்க ஓர் உருவத்தை அணியலாம். அவ்வுருவத்தின் ஒரு துண்டுக்குரிய அளவு 44 × 44 புள்ளிகள். ஒருவர் ஒன்பது துண்டுகள்வரை அணியலாம். எனவே, உயரமான பொம்மை வேண்டுமானால் தலை, உடல், கால் எனப் பிரித்து வரைந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பெரிய தலையும் மெல்லிய கால்களுமாகப் பதின்ம வயதுப் பெண்கள் உருவாக்கிய பொம்மைகள் அங்கிருந்து புறப்பட்டு, 2000ஆம் ஆண்டையொட்டித் தனிநபர் இணையப் பக்கங்களெங்கும் பரவின.

பரவியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்று நம் வீட்டுத் தொலைபேசிக் கம்பிவழி இணைய இணைப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். அதாவது ஏறத்தாழ 7 கிலோபைட். நூறு கிலோபைட் புகைப்படம் இறங்கப் பதினான்கு விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். மூன்று நான்கு கிலோபைட் பொம்மையோ ஒரு விநாடிக்குள் வந்து நிற்கும். 1987இல் அறிமுகமான ஜிஃப் கோப்பு முறையும் கைகொடுத்தது. 256 நிறங்கள்தாம் என்றாலும், புள்ளிகளைச் சிதைக்காமல் அப்படியே காக்கும். அதே பொம்மையை ஜேபெக் முறையில் சேமித்தால் ஓரங்கள் கலங்கி அழுக்குப் படிந்தாற்போல் ஆகிவிடும். இதனை நான் அறிந்துகொண்டது இரண்டு இரவு உழைப்பைப் பறிகொடுத்த பின்னரே!

முதல் கேள்வி: யார் வரைந்தார்?

பொம்மை வரையும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வேண்டியது உடையற்ற அடிப்படை உருவம். அதனைத் திறம்பெற்ற ஒருவர் வரைந்து, ‘என் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துக’ என்ற நிபந்தனையோடு பகிர்ந்திருப்பார். அதனைப் ‘பெயிண்ட்’ மென்பொருளில் எட்டு மடங்கு பெரிதாக்கி, ஒரு புள்ளி அகலக் கோட்டால் உடையின் வெளிவரம்பை இடுவோம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவுசெய்து, ஒரு நிறத்துக்கு நான்கைந்து சாயல்களைப் பரப்புவோம். சேலைக் கொசுவத்துக்குக் கரும்பச்சையும் இளம்பச்சையும் மாறிமாறி வரும் நெடுங்கோடுகள். சரிகைக்கு மஞ்சளும் பழுப்பும் ஒன்றுவிட்டு ஒன்றாக. தள்ளி நின்று பார்த்தால் மின்னும்.

நான் தொடங்கியது இவ்வளவு நேர்மையாக அன்று. பிறர் பொம்மையின் கூந்தலையும் வேறொருவர் பொம்மையின் பாவாடையையும் வெட்டி ஒட்டி, ‘என் முதல் பொம்மை’ என்று பெருமையோடு இணையத்தில் வைத்தேன். இவ்வாறு செய்வதற்கு அவ்வட்டாரத்தில் ஒரு பெயரே இருந்தது. பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு உருவம் படைத்த ஃபிராங்கன்ஸ்டைன் கதையையொட்டி, ‘ஃபிராங்கன் பொம்மை’ என்பர். ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. அந்தக் கூந்தலை வரைந்த பெண் எழுதியிருந்தாள். திட்டவில்லை. அக்கூந்தலுக்குத் தனக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று என்று மட்டும் எழுதி, தன் அடிப்படை உருவம் ஒன்றையும் இணைத்து, இதில் நீயே வரைந்து பார் என்று முடித்திருந்தாள்.

வகுப்பில் பார்த்தெழுதும் பிள்ளைகளை எப்படித் திருத்துவது என்று பயிற்சிக் கல்லூரி எனக்குப் பல முறைகளைக் கற்பித்தது. அவை எல்லாவற்றையும்விட அம்மடலே எனக்குப் பெரிய பாடம். அன்று முதல், யாருடைய அடிப்படை உருவத்தில் வரைந்தேன் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்தேன்.

குறுந்தட்டில் அக்கோப்பும் இருந்தது. பதினோரு புனைபெயர்கள், பதினோரு இணைய முகவரிகள். ஒன்றுகூட இன்று திறக்கவில்லை. எத்தனையோ தனிநபர் பக்கங்களுக்கு இடமளித்த ‘ஜியோசிட்டீஸ்’ 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடப்பட்டது. ஆர்வலர் சிலர் இரவுபகலாகப் படியெடுத்து ஒரு பகுதியைக் காப்பாற்றினர், மீந்தவை போயின. 2020 இறுதியில் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நின்றதும், உலாவியில் இயங்கிய உடைமாற்றும் பொம்மை விளையாட்டுகள் பல செயலிழந்தன. நான் பொம்மைகளை வைத்திருந்த இலவச இணைய இடமும் முன்னறிவிப்பின்றி மறைந்தது.

சூசன் கேரின் கட்டத்தாள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அது தகும். ஆனால், ஆறு மணி நேரம் கூந்தல் வரைந்தவளின் பெயர் என் குறுந்தட்டில்தான் இருக்கிறது, அதுவும் புனைபெயராக. சிறுமிகளின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்டதால், இதனைக் கலையாக எண்ணிக் காத்தவர் சிலரே. யார் கண்டுபிடித்தார் என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: பலர், பெரும்பாலும் பெண்கள், பெயர் பதியாமல் போனவர்கள்.

இரண்டாம் கேள்வி: யாரை வரைந்தார்?

37 பொம்மைகளையும் எண்ணிப் பார்த்தேன். மாநிறத்தில் ஒன்றுகூட இல்லை. சேலை கட்டியவளும் பாவாடை தாவணி உடுத்தியவளும் வெளிர்நிறத்தவளே. எனக்குக் கிடைத்த அடிப்படை உருவங்கள் அப்படித்தான் இருந்தன என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால், 256 நிறங்களைக் கையில் வைத்துக்கொண்டு கூந்தலையும் சேலையையும் மாற்றியவள், தோலின் ஐந்து சாயல்களை மாற்றுவதற்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? பத்து நிமிடம். எனக்கு அது தோன்றவே இல்லை. தடுத்தது கருவியன்று, அழகு என்றால் எந்த நிறம் என்று என் மனத்துக்குள் படிந்திருந்த எண்ணமே.

அடுத்த வாரக் கலைக்கல்வி நேரத்தில் இதனை அம்மாணவியிடம் மறைக்காமல் சொன்னேன். பின் இருவரும் கணினிமுன் அமர்ந்தோம். முதலில் பழுப்பு நிறத்தோடு கறுப்பைக் கலந்து நிழலிட்டோம். முகம் சாம்பல் பூத்தது. நிழலுக்குச் செம்மை கலந்த கரும்பழுப்பும், வெளிச்சத்துக்குத் தேன் நிறமும் வைத்தவுடன் முகம் உயிர்பெற்றது. “இது எங்க அக்கா மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள்.

கோப்பைச் சேமிக்கும்போது அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள். உன் பெயரையும் ஆண்டையும் தமிழில் எழுது என்றேன். அடிப்படை உருவத்தை வரைந்தவரின் புனைபெயரையும் கீழே சேர்த்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட சிறு படைப்புகள், பழைய தட்டுகளிலோ தையல் பெட்டிகளிலோ உறங்கிக்கொண்டிருக்கலாம். எடுத்துப் பாருங்கள். செய்தவர் பெயரையும் ஆண்டையும் மறவாமல் எழுதி வையுங்கள்.