ஒரு ஃபங்ஷனை விரட்ட 23 வருஷம்

சி படிச்ச மக்களுக்கு கெட்ஸ் ஞாபகம் இருக்கும். ஸ்கேன்எஃப்ல பேரு வாங்கினா "முத்து குமார்"ல முத்து மட்டும் வரும், இடைவெளியில நின்னுடும். கெட்ஸ் போட்டா முழு வரியும் வரும். வில்லங்கமும் அதுதான்... எவ்வளவு நீளமா இருந்தாலும் முழுசா வரும். நாம 20 எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கோம்னு அதுகிட்ட சொல்ல வழியே கிடையாது. கொடுக்கிறது முகவரி மட்டும், அளவு இல்லை. படி நிறைஞ்சு வழிஞ்சாலும் கொட்டிக்கிட்டே இருக்கும்.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ், எம்ஐடி கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து ஒரு புழுவை இணையத்தில் அவிழ்த்து விட்டார். (அப்பா அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர். வாத்தியார் பிள்ளை கதைதான்!) சென்ட்மெயில் ஓட்டை, பாஸ்வேர்ட் ஊகிப்புன்னு அதுக்கு வேற வழிகளும் இருந்துச்சு. நமக்கு வேண்டியது ஃபிங்கர்டி.

"இந்த ஆள் லாகின் பண்ணியிருக்காரா?"ன்னு வெளியிலிருந்து கேட்டா பதில் சொல்ற சாதுவான நிரல் அது. கேள்வியை 512 பைட் இடத்துல கெட்ஸ் வச்சு வாங்கிச்சு. புழு அனுப்பினது 536 பைட். மிச்சம் 24 பைட் ஸ்டாக்ல பக்கத்துல இருந்ததை அழிச்சு எழுதிச்சு. அங்கதான் 'வேலை முடிஞ்சதும் எங்கே திரும்பணும்'ங்கிற முகவரி இருக்கு. அந்த இடத்துல, தான் அனுப்பின பைட்டுக்குள்ளேயே ஒளிச்சு வச்ச குட்டி நிரலோட முகவரியைப் புழு எழுதிடுச்சு. ஃபிங்கர்டி வேலை முடிச்சு வீட்டுக்குத் திரும்பினா, அது எதிராளி வீடு! ஷெல் திறந்தாச்சு. இது வாக்ஸ் மெஷினுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச சட்டை. சன் மெஷின்ல ஃபிங்கர்டி செத்து விழுமே தவிர புழு நுழையாது.

அப்போ இணையத்தில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்ல 6,000 படுத்துச்சுன்னு ஒரு குத்துமதிப்புக் கணக்கு. மாரிஸுக்கு 1990-ல் தண்டனை: 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்.

கெட்ஸுக்கு? 1989-ல், அதாவது அடுத்த வருஷமே, ஆன்சி தரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தாங்க. 1999 தரத்திலும் இருந்துச்சு. 2007-ல்தான் "வேண்டாம்"னு முத்திரை, 2011-ல் வெளியேற்றம். இத்தனைக்கும் அளவு கேட்டு வாங்குற எஃப்கெட்ஸ் பக்கத்துலயே இருந்துச்சு. அது வரியோட கடைசி நியூலைனையும் சேர்த்துக் கொடுக்கும், நாமதான் வெட்டணும். அவ்ளோதான் கஷ்டம்.

பழைய நிரல்கள் உடைஞ்சுடும்ங்கிறது நிஜமான கவலைதான். "கவனமா எழுதினா ஒண்ணும் ஆகாது"ங்கிற வாதத்தைத்தான் என்னால ஏத்துக்க முடியல. எதிர்ல இருக்கவன் எவ்வளவு அனுப்புவான்னு தெரியாதப்போ, கெட்ஸ் வச்சு கவனமா எழுதவே முடியாதே. கத்தியைக் கவனமாப் பிடிக்கலாம், பிடியே இல்லாத கத்தியை?

இதே வியாதி உள்ள இன்னொருத்தர், அகலம் குறிக்காம சதவீத எஸ் போட்ட ஸ்கேன்எஃப். முத்துவோட நின்னுடுமேன்னு நாம திட்டினோமே, அவரேதான். இடைவெளி இல்லாம 536 எழுத்து அனுப்பினா அவரும் முழுசாக் கொட்டுவார். அவரை இன்னும் தரத்தை விட்டு யாரும் அனுப்பல.