அரோசா ஸ்ரீலங்கா

நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையிலிருந்த தென்னாபிரிக்காவுக்கு, விளையாட்டுப் புறக்கணிப்பை மீறி 1982 ஒக்டோபரில் சென்ற இலங்கைக் கிரிக்கெட் அணி. தென்னாபிரிக்காவின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களை இனவாரியாகப் பதிந்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களைப் பிரித்தது. இதனால் 1970 முதல் தென்னாபிரிக்கா சர்வதேச டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தது. பொதுநலவாய நாடுகளும் 1977இல் கிளெனீகிள்ஸ் உடன்படிக்கை மூலம் விளையாட்டுத் தொடர்பைத் தவிர்க்க இணங்கின.

அணித்தலைவர் பந்துல வர்ணபுர, 1982 பெப்ரவரியில் கொழும்பு தமிழ் யூனியன் கழகத்தின் சரவணமுத்து மைதானத்தில் நடந்த இலங்கையின் முதல் டெஸ்டிலும் தலைவர். நாட்டின் முதல் டெஸ்ட் ஓட்டமும் அவருடையதே. சென்ற வீரர்களுக்கு இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. டெஸ்ட் தகுதி பெற்று ஓராண்டே ஆன சபையொன்றுக்கு இது துணிவான முடிவு. பலரின் ஆட்டவாழ்வு இத்துடன் முடிந்தது. தடை முழுக்காலத்துக்கு முன்பே நீக்கப்பட்டது. நிறவெறிச் சட்டங்கள் அகன்றபின் 1993இல் தென்னாபிரிக்க அணி இலங்கைக்கு வந்தது.