ஸ்டான்லியின் அணி மாற்றம்

ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்தவராக அறியப்படும் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி (1841–1904), அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பிலும் பணியாற்றியவர். வேல்ஸில் பிறந்த ஏழைச் சிறுவன். அடிமை முறை பற்றியோ மாநில உரிமை பற்றியோ அவருக்கு உறுதியான கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் இருந்தபோது அவருக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பெண்கள் அணியும் உள்பாவாடை. கோழை என்று யாரோ குத்திக் காட்டுவதாக எண்ணி வெட்கப்பட்டே தென்னகப் படையில் சேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

1862 ஏப்ரலில் ஷைலோ போரில் பிடிபட்டு, சிகாகோவின் டக்ளஸ் கைதி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கைதிகளை வாரிக்கொண்டு போயின. போர்வையில் சுற்றிய பிணங்களை நாள்தோறும் வண்டியில் அடுக்கி ஏற்றினார்கள். வடக்குப் படையில் சேர்ந்தால் விடுதலை என்றார்கள். முதலில் மறுத்தார், சுமார் ஆறு வாரத்தில் இணங்கினார். தாம் அந்நியர், தென்னகத்தில் தம்மை வளைத்துக்கொண்டது நண்பர்களின் ஆவேசமே, முகாமில் கிடந்தால் சாவு நிச்சயம் என்பவை அவர் சொன்ன நியாயங்கள். மனைவி டோரதி தொகுத்து 1909இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இவை உள்ளன. பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட அந்நூலின் விவரங்கள் சிலவற்றை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. ஆனால் முகாமின் கொடுமை கற்பனையல்ல. அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் மாண்டனர். இருபத்தொரு வயது இளைஞன் உயிரைத் தேர்ந்துகொண்டதைத் துரோகம் என்பது பொருந்தாது.

நோயுற்றதால் சில வாரங்களிலேயே படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1864இல் வடக்குக் கடற்படையில் சேர்ந்து, 1865 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பியோடினார்.