கள்ளிப் பூச்சியும் கைத்தறியும்

மெக்ஸிகோ நாட்டின் தெற்கே, ஒவஹாக்கா மாநிலத்தில், தியோத்தித்லான் தெல் வாயே என்னும் சிற்றூர் உண்டு. அங்கு வாழும் ஸாப்போத்தெக் மக்களுக்கு நெசவே பரம்பரைத் தொழில். ஸ்பானியர் வருமுன்னரே அவர்கள் பருத்தி நூலை இடுப்புத் தறியில் நெய்து வந்தனர். பாவின் ஒரு முனையைத் தூணில் பிணைத்து, மறுமுனையை வாரினால் தம் இடுப்பில் கட்டி இழுத்துப் பிடித்து நெய்வது அம்முறை. நெய்தவர்கள் பெண்கள்.

1521இல் அஸ்தெக் தலைநகர் வீழ்ந்தது. ஒவஹாக்காவும் ஸ்பானியர் வசமாயிற்று. அவர்கள் செம்மறியாட்டையும் மிதிதறியையும் கொணர்ந்தனர். மிதிதறி ஆண்களின் கைக்குச் சென்றது. கம்பளி மயிரைச் சிக்கெடுத்து நூற்பது பெண்களின் பங்காயிற்று.

அம்மண்ணின் பெருஞ்செல்வமோ ஒரு சிறு பூச்சி! சப்பாத்திக்கள்ளியின் மடல்களில் வளரும் கொச்சினீல் பூச்சியை உலர்த்திப் பொடித்தால் செஞ்சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். அதற்கு முன்னர் அரபியர் ‘கிர்மிஸ்’ என்றழைத்த வேறொரு பூச்சியே செந்நிறம் தந்து வந்தது. ஸ்பானிய மொழியின் ‘கார்மெசி’ என்னும் சொல் அதன் வழி வந்ததே. கொச்சினீலின் ஆற்றல் அதனினும் மிகுதி. ஆகவே, மெக்ஸிகோவின் ஏற்றுமதியில் அது வெள்ளிக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் கம்பெனி மருத்துவர் இச்சாயத்துக்காகவே சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வளர்த்தார். அம்முயற்சி கைகூடவில்லை.

இத்தனை செல்வத்தின் பயன் யாரைச் சேர்ந்தது? ஸ்பானிய அதிகாரிகள் குடிகளுக்கு முன்பணம் கொடுத்து, சாயத்தைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டனர். 1786இல் சட்டம் இதனைத் தடை செய்தது. 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயங்கள் வந்தபின் கள்ளித் தோட்டங்களும் நலிந்தன.

ஆயினும் முன்பணம் வேறு வடிவில் திரும்பியது. 20ஆம் நூற்றாண்டில் வணிகர் நூலைக் கொடுத்து, விரிப்பு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி தந்தனர். 1942 முதல் 1964 வரை நடைமுறையிலிருந்த ஒப்பந்தத்தின்கீழ் ஆண்கள் பலர் கூலி வேலைக்கு அமெரிக்கா சென்றனர். பின்னாளில் பெண்களும் மிதிதறியில் அமர்ந்தனர். உழைப்பு அவர்களுடையது, விலை பேசுவதும் பணம் பெறுவதும் பெரும்பாலும் வீட்டு ஆண்களே.

இந்நிலையை மாற்றவே 1980-களில் அவ்வூர்ப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் காணத் தொடங்கினர். பின்னர் ‘புதுவாழ்வு’ எனப் பொருள்படும் ‘வீதா நுவேவா’ சங்கமும் எழுந்தது. கைம்பெண்களும் மணமாகாதோரும் அதில் இணைந்தனர். இடைத்தரகரின்றித் தாமே விற்றனர். கொச்சினீல் முதலிய இயற்கைச் சாயங்களையும் மீண்டும் கைக்கொண்டனர்.

கூட்டுறவு எல்லா இன்னல்களையும் நீக்கிவிடவில்லை. பிறர் நூலில் கூலிக்கு நெய்வோர் இன்றும் உளர். ஆனால், தான் நெய்த விரிப்புக்குத் தானே விலை சொல்லும் உரிமையை அச்சங்கங்கள் அப்பெண்களுக்குத் தந்தன. உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றி வழங்குமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி நிற்கும் நமக்கு, அவ்வுரிமையின் அருமை விளங்காமற் போகாது.