இடுப்பு மூட்டும் இயந்திரக் கையும்

கடந்த மாதம் ரொறொன்ரோவிலிருந்து பழைய நண்பரொருவர் தொலைபேசியில் பேசினார். பத்திரிகைத் துறையில் என்னுடன் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்ற வேண்டுமென வைத்தியர்கள் கூறிவிட்டார்களாம். "ரோபோவின் உதவியோடு செய்யலாம் என்கிறார்கள். கையால் செய்வதைவிட அது நல்லதா?" என்று கேட்டார். நான் வைத்தியன் அல்லன். ஆனாலும் அந்தக் கேள்விக்காக இத்தொழில்நுட்பத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அதன் தொடக்கத்தில் நிற்பவர் வில்லியம் பார்கர். கலிபோர்னியாவின் சக்ரமென்டோ நகரைச் சேர்ந்த எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். அவருடன் சேர்ந்து உழைத்தவர் ஹவார்ட் போல் என்ற மிருக வைத்தியர். 1980களில் சீமெந்து பூசாமல் பொருத்தும் செயற்கை மூட்டுகள் பரவலாகி வந்தன. அவற்றின் தண்டில் எலும்பு தானாக வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும். அதற்குத் தொடையெலும்பின் உட்குழி, தண்டின் வடிவத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். சுத்தியலும் அரமும் கொண்டு கையால் குடைந்தால் அங்குமிங்கும் இடைவெளி விழும். சில வேளைகளில் எலும்பே வெடிக்கும்.

இயந்திரத்தால் குடைந்தால் என்ன என்று இருவரும் ஐ.பி.எம். நிறுவனத்தை நாடினர். அங்கு ரஸல் டெய்லரின் ஆய்வுக்குழு இதில் இறங்கியது. சிரி ஸ்கேன் படத்தை வைத்துக் கணினியில் திட்டமிடுவது, அத்திட்டப்படி ரோபோ எலும்பைக் குடைவது என்பதே முறை. அதற்கு ரோபோடொக் என்று பெயரிட்டனர். 1990இல் மூட்டு வாதத்தால் வருந்திய நாய்களுக்கு முதலில் அதைப் பயன்படுத்தினர். நோயுற்ற நாய்கள் நடந்தன.

1992 நவம்பர் 7ஆம் திகதி, சக்ரமென்டோ சட்டர் பொது வைத்தியசாலையில் பார்கர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தினார். அந்த வெற்றியைக் கண்ட ஹவார்ட் அதிக நாள் வாழவில்லை. 1993இல் இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. மூட்டுமாற்றுத் துறையின் சர்வதேச அமைப்பொன்று இன்றும் அவர் பெயரில் விருது வழங்குகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது பின்னால் நடந்ததே. 1998இல் பார்கரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ரோபோ குழுவில் மூட்டு சிறப்பாகப் பொருந்தியிருந்தது. சத்திரசிகிச்சையின்போது எலும்பு வெடித்த நிகழ்வு ஒன்றும் இல்லை. கையால் செய்த குழுவில் மூவருக்கு அது நேர்ந்தது. ஆயினும் ரோபோவினால் நேரமும் குருதியிழப்பும் கூடின என்பதையும், நோயாளிகள் நடமாடும் திறனில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. தாம் வளர்த்த பிள்ளையின் குறையைத் தாமே எழுதினர். பத்திரிகையாளனாகிய நான் அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்.

ஜெர்மனியிலோ ரோபோடொக் வேகமாகப் பரவியது. தசை, நரம்புப் பாதிப்புக் குறித்து முறைப்பாடுகள் எழுந்தன, வழக்குகள் தொடரப்பட்டன. 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், புதிய முறையொன்றைக் கையாளும்போது இன்னும் அறியப்படாத ஆபத்துகள் இருக்கலாம் என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இடுப்பு மூட்டுக்கான அனுமதி கிடைத்தது 2008இல்தான். முதல் மனிதருக்குச் செய்து பதினாறு ஆண்டுகளின் பின்!

பார்கர் விடவில்லை. பழைய நோயாளிகளைச் சராசரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். இரு குழுவிலும் தொடையெலும்புத் தண்டு தளர்ந்து எவருக்கும் மறு சிகிச்சை தேவைப்படவில்லை. வலியில் ரோபோ குழுவுக்குச் சிறிய அனுகூலம் தெரிந்தது.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். இன்றைய ரோபோக்கள் அன்றைய ரோபோடொக் அல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அதே கேள்விகள்தான். "இயந்திரம் துல்லியமானதா என்று மட்டும் கேட்காதீர்கள். அதனால் உங்களுக்கு என்ன நன்மை, உங்கள் வைத்தியர் அதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், இன்னும் தெரியாதவை எவை என்றும் கேளுங்கள்" என்றேன்.

"பேட்டி எடுக்கச் சொல்கிறீர்" என்று சிரித்தார்.

ஆம். வாழ்நாள் முழுவதும் பிறருக்காகக் கேள்வி கேட்டவர், இம்முறை தமக்காகக் கேட்கட்டும்.