வரைந்தவர், அளந்தவர், ஒப்பமிட்டவர்: வைட்ஃபீல்டிலிருந்து பார்க்கும் ஆர்.டி.எஸ்.ஓ. வரலாறு

பெங்களூரின் கிழக்கு ஓரத்தில், காடுகோடியில், இரண்டு வகைத் தண்டவாளங்கள் நடந்து போகும் தொலைவில் கிடக்கின்றன. வைட்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் பாதையின் அகலம் 1676 மி.மீ. வண்டிகளுக்கு மின்சாரம் தலைக்கு மேலே செல்லும் 25 கிலோவோல்ட் கம்பியிலிருந்து கிடைக்கிறது. நம்ம மெட்ரோவின் ஊதா வழித்தடம் முடியும் இடத்திலோ அகலம் 1435 மி.மீ. அங்கே 750 வோல்ட் மின்சாரம் பாதையை ஒட்டிய மூன்றாவது தண்டவாளத்தில் வருகிறது. ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓடாது. நிர்வாகம் வேறு, சட்டம் வேறு, மேலே உள்ள அமைச்சகமும் வேறு. ஆனாலும் புதிய வகை வண்டி எதுவாயினும், பயணிகளை ஏற்றுமுன் லக்னோவின் மானக் நகரிலிருந்து ஒரே அமைப்பின் பொறியாளர்கள் வந்து, அதில் கருவிகளைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சி, வடிவமைப்பு, தர நிர்ணய அமைப்பு என்பது அதன் பெயர். ரயில்வேக்காரர்கள் ஆர்.டி.எஸ்.ஓ. என்பார்கள்.

இந்த அமைப்புக்கு மூன்று வேலைகள் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தன: வரைபடம் போடுவது, அளந்து பார்ப்பது, ஒப்புதல் தருவது. முதல் இரண்டும் சேர்ந்ததால் இந்திய ரயில்வே வளர்ந்தது. மூன்றாவதும் அதே கூரைக்குள் வந்தபோது ஒரு பழைய பாடம் பாதி மட்டுமே பின்பற்றப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பாடம் 1937இல் கிடைத்தது.

ஊருக்கு முன்பே வந்த பாதை

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரையிலான அகலப்பாதையை மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1864இல் திறந்தது. ஆங்கிலோ இந்தியர்களின் குடியிருப்பாக வைட்ஃபீல்ட் உருவானது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1882இல். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் கொடுத்த நிலத்தில் அமைந்த ஊர் அது. அதை முன்னின்று அமைத்த டேவிட் இமானுவேல் ஸ்டார்கன்பர்க் ஒயிட்டின் பெயரே ஊருக்கு நிலைத்தது.

அன்றைய பெங்களூர் பாதை அகலங்களின் கண்காட்சியாக இருந்தது. சென்னைப் பக்கம் அகலப்பாதை, மைசூர்ப் பக்கம் மீட்டர் பாதை, பின்னாளில் சிக்கபள்ளாபூருக்குக் குறும்பாதை. அகலத்தோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பொறியாளரின் விருப்பப்படி எஞ்சினும் வேகனும் செய்யச் சொன்னது. ஒரு கம்பெனியின் வேகன் இன்னொரு கம்பெனியின் பாதைக்குப் போனால் யார் பழுது பார்ப்பது, எந்த உதிரிப்பாகத்தைப் போடுவது என்பதே பெரிய வழக்காக இருந்தது. இந்த நெருக்கடியிலிருந்துதான் 1903இல் இந்திய ரயில்வே மாநாட்டுச் சங்கம் தோன்றியது. வண்டிப் பரிமாற்றத்துக்கான விதிகளை வகுப்பது அதன் முக்கிய வேலை. அதே ஆண்டுகளில் பிரிட்டனின் பொறியியல் தரக் குழு இந்தியாவுக்கென நிலையான எஞ்சின் வடிவங்களை வெளியிட்டது.

1920களில் எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. என்று புதிய வரிசை எஞ்சின்கள் வந்தன. 1930இல் மத்தியத் தர அலுவலகம் நிறுவப்பட்டது. வடிவம், தரம், விவரக்குறிப்பு மூன்றையும் ஓரிடத்தில் தயாரிப்பது அதன் பணி. இன்றைய ஆர்.டி.எஸ்.ஓ.வின் முதல் கிளை இதுதான். ஆனால் அங்கு இருந்தது வரைபலகை மட்டுமே. வரைந்தது ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று அளக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

பிட்டா

1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்கு அருகே பிட்டாவில் பஞ்சாப்–ஹவுரா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இழுத்துச் சென்றது எக்ஸ்.பி. வகை எஞ்சின். நல்ல பாதையில் ஒழுங்காக ஓடிய அந்த வகை, தளர்ந்த பாதையில் இடமும் வலமுமாக ஆடி, தண்டவாளத்தையே வளைத்துத் தள்ளக்கூடியது. பாதைப் பொறியாளர்கள் எஞ்சினைக் குறை சொன்னார்கள், எஞ்சின் பொறியாளர்கள் பாதையைக் குறை சொன்னார்கள். பக்கவாட்டு விசை எவ்வளவு என்ற எண் இரு தரப்பிடமும் இல்லை.

இதை விசாரிக்க சர் ஆலன் மவுண்ட் தலைமையில் பசிபிக் எஞ்சின் குழு அமைக்கப்பட்டது. பிரிட்டனின் புகழ்பெற்ற எஞ்சின் வடிவமைப்பாளர் ஸ்டேனியர் அதில் இருந்தார், பிரெஞ்சு ரயில்வேயிலிருந்தும் ஒரு நிபுணர் இருந்தார். குழு 1938இன் இறுதியில் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு அறிக்கை அளித்தது. அதன் சாரத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் வாசிப்பு. ஒன்று பொறியியல் சார்ந்தது: வண்டியும் பாதையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள், இரண்டையும் சேர்த்து அளக்காமல் எஞ்சின்களைப் பெருமளவில் வாங்கியது பிழை. மற்றொன்று நிர்வாகம் சார்ந்தது: ரயிலை ஓட்டுகிறவரிடமிருந்து ரயிலின் பாதுகாப்பைச் சோதிக்கிறவர் விலகி நிற்க வேண்டும்.

இரண்டாவது பாடம் விரைவாகவே நடைமுறைக்கு வந்தது. 1941 மே மாதம் ரயில்வே ஆய்வாளர்கள் ரயில்வே வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தபால் மற்றும் விமானத் துறையின்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். இன்றைய ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருப்பதைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. அந்த ஏற்பாட்டின் வேர் இங்கே இருக்கிறது.

முதல் பாடத்தின் பலன் 1947இல் கண்ணுக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிடமிருந்து டபிள்யூ.பி. எஞ்சின்கள் வந்தபோது முதலில் 16 மாதிரிகள் மட்டுமே வரவழைக்கப்பட்டன. ஓட்டிப் பார்த்து, திருத்தி, அதன் பிறகே மொத்தமாகச் செய்யச் சொன்னார்கள். நீராவிக் காலம் முடியும்வரை இந்திய விரைவு ரயில்களின் முகமாக இருந்தது அந்த எஞ்சின்தான்.

அளவையின் காலம்

1952இல் லக்னோவில் ரயில்வே சோதனை, ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1957இல் அதையும் மத்தியத் தர அலுவலகத்தையும் இணைத்து ஆர்.டி.எஸ்.ஓ. உருவாக்கப்பட்டது. வரைகிறவரும் அளக்கிறவரும் ஒரே வளாகத்தில் அமர்ந்தார்கள். அமைப்பின் மிகச் சிறந்த பணி அடுத்து வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்தது என்று நான் கருதுகிறேன்.

1960இல் இந்தியப் பயணிகள் ரயில்களின் உச்ச வேகம் மணிக்கு 96 கி.மீ. அதை 160 ஆக்குவதை இறுதி இலக்காகவும் 120 ஆக்குவதை இடைக்கட்டமாகவும் ரயில்வே வாரியம் வைத்தது. 1962இல் ஆர்.டி.எஸ்.ஓ. வேலையைத் தொடங்கியது, 1967இல் களச் சோதனைகள் ஆரம்பித்தன. புதிய பாதை போட நாட்டில் பணம் இல்லை. இருக்கும் பாதையில், இருக்கும் பெட்டியில் எங்கே இடைவெளி இருக்கிறது, எதைத் திருத்தினால் போதும் என்பதை அளந்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1969 மார்ச்சில் டெல்லிக்கும் ஹவுராவுக்கும் இடையே முதல் ராஜ்தானி 120 கி.மீ. வேகத்தில் ஓடியது. ஏறத்தாழ 1450 கி.மீ. தூரத்தை அது 17 மணி 20 நிமிடத்தில் கடந்தது. ஏழை நாடு ஒன்று தன் பழைய பாதையிலிருந்தே வேகத்தைப் பிழிந்தெடுத்த கதை இது. பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டியது.

சோதனை நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியின் தளத்திலும், சக்கரங்களைத் தாங்கும் போகியிலும் முடுக்கமானிகளைப் பொருத்துவார்கள். பயணிகளின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றுவார்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி நேர்ப்பாதை, வளைவு, பாலம், பாயின்ட் எனப் பல இடங்களில் செங்குத்து ஆட்டத்தையும் பக்கவாட்டு ஆட்டத்தையும் பதிவு செய்வார்கள். இதுவே அலைவுச் சோதனை. அவசரமாகப் பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைத் தனியாக அளப்பார்கள். முடிவில் ஆர்.டி.எஸ்.ஓ. தருவது வேகச் சான்றிதழ்: இந்த வண்டி, இந்தத் தரப் பாதையில், இந்த வேகம் வரை ஓடலாம். பிட்டாவில் இல்லாமல்போன எண்தான் அந்தத் தாளில் இருக்கிறது.

கன்டெய்னர் வேகனும் வேகமான வண்டியும்

இந்தியாவின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம் 1981இல் பெங்களூரில் தொடங்கியது. கன்டெய்னர் கார்ப்பரேஷன் 1988இல் அமைந்தது. இன்று பெங்களூரின் ஏற்றுமதிச் சரக்கு ரயிலேறும் முக்கிய இடம் வைட்ஃபீல்ட் முனையம். உலகக் கப்பல்களில் 9 அடி 6 அங்குல உயரக் கன்டெய்னர்கள் பெருகியபோது சிக்கல் எழுந்தது. வழக்கமான தட்டை வேகனில் அதை ஏற்றினால், பாலத்துக்கும் மின்கம்பிக்கும் கீழே அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குள் அடங்காது. பாலங்களை உயர்த்த முடியாது, வேகனின் தளத்தைத்தான் தாழ்த்த வேண்டும். அதற்காகவே பி.எல்.சி. எனப்படும் தாழ்தள வேகன் வந்தது. வழக்கமான 1000 மி.மீ. சக்கரத்துக்குப் பதிலாக 840 மி.மீ. சக்கரம், மணிக்கு 100 கி.மீ. வேகம், 45 வேகன் கொண்ட ஒரு வண்டியில் 90 இருபதடிக் கன்டெய்னர்கள். சக்கரம் சிறுத்தால் அது அதிகச் சுற்றுகள் சுற்றும், தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் அழுத்தமும் கூடும். ஆக இந்த மாற்றத்திலும் வண்டியையும் பாதையையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருந்தது. அந்தச் சிறு சக்கரங்களை வார்ப்பது 1984 முதல் எலகங்காவில் இயங்கும் ரயில் சக்கரத் தொழிற்சாலை. பெங்களூரில் வார்த்த சக்கரம், லக்னோவில் வகுத்த தரம், வைட்ஃபீல்டில் ஏறும் சரக்கு.

அதே நிலையத்தைக் கடந்து 2022 நவம்பர் 11 முதல் சென்னை–மைசூரு வந்தே பாரத் ஓடுகிறது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் அது. பெரம்பூரின் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை உருவாக்கிய இந்த வகையின் முதல் வண்டி, 2018 டிசம்பரில் கோட்டா பகுதியில் ஆர்.டி.எஸ்.ஓ. நடத்திய சோதனையில் 180 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ஆனால் சென்னையிலிருந்து மைசூருக்கு உள்ள ஏறத்தாழ 500 கி.மீ. தூரத்தைக் கடக்க சென்னை–மைசூரு வண்டி ஆறரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. வண்டியில் குறை இல்லை. வளைவுகளும் நெரிசலும் பாதையின் தகுதியும் வேகத்துக்கு எல்லை போடுகின்றன. அரசியல் மேடைகளில் வண்டியின் உச்ச வேகத்தையே பேசுகிறோம். பாதையின் கணக்கையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

ஒப்புதலின் சுமை

மூன்றாவது வேலைக்கு வருவோம். ரயில்வேக்கு முக்கியப் பாகங்களை விற்க விரும்பும் கம்பெனிகளுக்கு ஒப்புதல் தருவதும், பட்டியல் வைப்பதும், சரக்கைச் சோதித்து எடுப்பதும் ஆண்டுக்கு ஆண்டு ஆர்.டி.எஸ்.ஓ.வின் தோளில் கூடிக்கொண்டே வந்தன. 2003 ஜனவரி 1 முதல் அதற்கு மண்டல ரயில்வேக்குச் சமமான தகுதி கிடைத்தது. நிதி அதிகாரம் வளர்ந்தது, அதனோடு நிர்வாகச் சுமையும் வளர்ந்தது. 2021 மே மாதம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் ‘ஒரே நாடு, ஒரே தரம்’ திட்டத்தின்கீழ் அங்கீகரித்த முதல் தர உருவாக்க அமைப்பும் இதுவே. பெருமைக்குரிய அங்கீகாரம்தான்.

ஆனால் அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு 2012இலேயே ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தது. ரயில்வே வாரியமே விதி வகுத்து, வாரியமே ஓட்டி, வாரியமே கண்காணிப்பது சரியல்ல என்றது. சட்டபூர்வமான தனிப் பாதுகாப்பு ஆணையமும், ஆராய்ச்சிக்கெனத் தனி மன்றமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1939இல் சொன்னதற்கும் 2012இல் சொன்னதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. சட்டபூர்வமான அந்த ஆணையம் இன்னும் அமைக்கப்படவில்லை.

வைட்ஃபீல்டின் மெட்ரோ இங்கேதான் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. ஊதா வழித்தடத்தில் முதலில் ஓடிய பெட்டிகளைச் செய்தது பெங்களூரின் பி.இ.எம்.எல். கூட்டணி. ஓட்டுவது மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். அலைவையும் பிரேக்கையும் சோதிப்பது ஆர்.டி.எஸ்.ஓ. இறுதியாகப் பாதையில் இறங்கி ஆய்வு செய்து அனுமதிப்பவர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் உள்ள மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர். கே.ஆர். புரத்திலிருந்து வைட்ஃபீல்ட் வரையிலான 13.71 கி.மீ. பாதை 2023 மார்ச் 25 அன்று திறக்கப்பட்டது இந்த வரிசையில்தான். செய்பவர், ஓட்டுபவர், அளப்பவர், அனுமதிப்பவர் நால்வரும் நான்கு இடங்களில் இருக்கிறார்கள். பக்கத்து அகலப்பாதையில் ஓடும் வந்தே பாரத்துக்கோ கடைசி அனுமதி மட்டுமே வெளியிலிருந்து வருகிறது. செய்த ஐ.சி.எஃப்., ஓட்டும் மண்டலம், அளந்த ஆர்.டி.எஸ்.ஓ. மூன்றும் ஒரே வாரியத்துக்குப் பதில் சொல்கின்றன. லக்னோ பொறியாளர்களின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் ‘கூடாது’ என்று எழுத வேண்டிய நாளில், அந்தச் சொல்லைத் தாங்கும் அமைப்பு அவர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதே கவலை.

ஆர்.டி.எஸ்.ஓ.வின் ஆராய்ச்சி எதைச் சாதிக்கும் என்பதற்குக் கவச் ஒரு சான்று. ரயில்கள் மோதிக்கொள்வதைத் தடுக்கும் இந்தத் தொழில்நுட்பத்தின் விவரக்குறிப்பை 2012இல் வகுத்து, உள்நாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து வளர்த்தெடுத்தது ஆர்.டி.எஸ்.ஓ.தான். பயணிகள் வண்டியில் களச் சோதனை 2016இல் தென்மத்திய ரயில்வேயில் தொடங்கியது, தேசிய முறையாக ஏற்றது 2020இல். பாலசோர் ரயில் விபத்து நடந்த 2023 ஜூனில் அந்தப் பாதையில் கவச் இல்லை. சிக்னல் இணைப்பில் நேர்ந்த பிழையே விபத்தின் காரணம் என்பதால் கவச் இருந்தாலும் தடுத்திருக்குமா என்ற விவாதம் எழுந்தது. மேம்பட்ட 4.0 வடிவத்துக்கு 2024 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. ஆராய்ச்சி நடந்த வேகத்துக்கும் அது பாதையில் இறங்கிய வேகத்துக்கும் உள்ள இடைவெளியை எந்தச் சோதனைக் கூடமும் தனியாக மூட முடியாது.

இன்னொரு குறை அடிப்படையானது. இன்றைய செக் நாட்டின் வெலிமில் 1963 முதலே 13 கி.மீ. சுற்றளவில் தனிச் சோதனை வளையம் இருக்கிறது. ஜப்பான் தன் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது ஆராய்ச்சிக்கூடத்தை ஓட்டும் கம்பெனிகள் எதனிடமும் ஒப்படைக்காமல், 1986இல் தனி நிறுவனமாக நிறுத்தியது. ஆர்.டி.எஸ்.ஓ. தன் வாழ்நாள் முழுவதும் பயணிகள் வண்டிகளுக்கு இடையே கிடைத்த இடைவெளியில்தான் சோதனை ஓட்டங்களை நடத்தியது. ராஜஸ்தானில் சாம்பர் ஏரிப் பக்கம் ஏறத்தாழ 60 கி.மீ. நீளத்தில், 220 கி.மீ. வேகத்துக்கெனச் சோதனைப் பாதை அமைக்கும் பணி மிகத் தாமதமாகவே எடுக்கப்பட்டது.

கெங்கேரியிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் புறநகர் ரயில் திட்டமிடப்பட்டுள்ளது. கண்டோன்மென்ட்–வைட்ஃபீல்ட் இடையே நான்கு வழிப்பாதைக்கும் திட்டம் உண்டு. இனி வரும் வண்டிகள் கூடும், வகைகளும் கூடும். அவை அனைத்தின் வேகச் சான்றிதழும் லக்னோவிலிருந்தே வர வேண்டும். அந்தப் பொறியாளர்களிடமிருந்து கம்பெனிப் பட்டியல் வேலையை எடுத்து வேறு கைகளில் கொடுக்க வேண்டும், அளக்கும் வேலையை ரயில்வே வாரியத்திடமிருந்து சட்டத்தால் பிரிக்க வேண்டும். நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை இது. பிட்டா அறிக்கை வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.